சன்னல் ஓரத்து மேஜை

1

போன மாதம் முதல் திங்கட்கிழமை என் மகள் கோமதி வேலைக்குப் போனாள். பினாங்கில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வியாபாரக் கம்பெனி. டைப்பிஸ்டு உத்தியோகம். எங்கள் குடும்பத்தில் ஆபீஸ் படியேறிய முதல் பெண் அவள்தான். சங்கரன்கோவிலிலேயே இருந்திருந்தால் இந்தப் பதினெட்டு வயதுக்கு அவளுக்குக் கல்யாணம் முடித்து, மாப்பிள்ளை வீட்டாரோடு எனக்குச் சண்டையும் மூண்டிருக்கும்.

அவள் அம்மா அன்றைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்துக்கொண்டு சாயங்காலம் நாலு மணியிலிருந்தே வாசலில் நின்றாள். பெண் வந்ததும் கேள்வி மேல் கேள்வி. யார் யார் இருக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய், யாராவது ஏறிட்டுப் பார்த்தார்களா. கோமதி செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள். ஆண்கள் பதினோரு பேர், பெண் இவள் ஒருத்தி. மானேஜர் வெள்ளைக்காரர். பெரிய கிராணி ஒரு வயதான சீனர். இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். முதல் தடவை என்னை யாரோ அப்படிக் கூப்பிட்டபோது வைகிறார்களாக்கும் என்று நினைத்தேன். எல்லாரும் நல்லவர்கள் என்றாள் கோமதி.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு மட்டும் தனி மேசை போட்டிருக்காங்கப்பா. சன்னல் பக்கத்துல. நல்லா காத்து வருது. கடல்கூட தெரியுது."

"பொம்பளப் பிள்ளைன்னு மரியாதை தெரிஞ்சு செஞ்சிருக்காங்க" என்றாள் என் மனைவி.

கையில் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து கை கழுவினேன். தனி மேஜை, சன்னல், காற்று எல்லாம் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். பத்து வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி நல்ல எண்ணத்தோடு, சங்கரன்கோவிலில் நான் சொன்னவை.

மலாயா வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதச் சொல்லி ஊரிலிருந்து நண்பர் ஒருவர் கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார். ரப்பர் மரம், நினைத்த நேரத்துக்குக் கொட்டும் மழை, டுரியான் பழத்தின் வாடை என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அவர் மன்னிக்க வேண்டும். எனக்கு இப்போது எழுத வருவது ஊரில் கிடந்த ஒரு மேஜையைப் பற்றித்தான்.

2

எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். சர்க்கார் ஆபீஸ், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. ஆடித் தபசுத் திருவிழா சமயத்தில் வாசலில் அடைத்து நிற்கும் வண்டிகளைத் தாண்டி உள்ளே போவதற்குள் ஆபீஸ் நேரமே ஆரம்பித்துவிடும். ஹெட்கிளார்க் ஒருவர், குமாஸ்தாக்கள் என்னோடு மூன்று பேர், ஒரு பியூன். நாங்கள் நான்கு பேரும் ஒரே நீள மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம். நடுவில் மைக்கூடு, அதன் பக்கத்தில் ஹெட்கிளார்க்கின் வெற்றிலைச் செல்லம். யார் வேண்டுமானாலும் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஆபீஸில் வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை பத்தே முக்காலுக்குத் தபால் வரும். ஹெட்கிளார்க் உறைகளைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி அடுக்கி வைத்துக்கொள்வார். பிறகு வெற்றிலை போடுவார். நன்றாகச் சாறு ஊறிய பிறகு ஒவ்வொரு கடிதமாக வாசிப்பார். வாசித்து முடித்ததும், "இது உமக்குவே, வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் போகணும்" என்று ஒருவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். கடிதங்கள் எல்லாம் வெற்றிலைச் செல்லத்துக்குப் பக்கத்தில் ஒரே கட்டாகக் கிடக்கும். அவரவர் தங்களுடையதை உருவிக்கொள்ள வேண்டியதுதான்.

எந்தக் கடிதம் யாரிடம் போயிற்று என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு ரிஜிஸ்தர் உண்டு. சட்டப்படி உண்டு என்று சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் அது அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது ரிஜிஸ்தர் எதற்கு? வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு வாசிப்பதால் ஹெட்கிளார்க்கின் குரல் முணுமுணுப்பாகத்தான் வரும். மேஜையைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

3

சுதந்திரம் வந்த மறு வருஷம். ஒரு நாள் தபாலில் நியமன உத்தரவு ஒன்று வந்தது. ஹெட்கிளார்க் வழக்கம்போல வாசித்தார். பெயர் சுடலைமுத்து. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். ஹரிஜன மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர். குமாஸ்தாவாகத் தற்காலிக நியமனம், ஒரு வருஷத்துக்குப் பிறகு வேலையைப் பார்த்து நிரந்தரம்.

வாசித்து முடித்ததும் மற்ற இரண்டு குமாஸ்தாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், நாம் உட்காருகிற இதே மேஜையிலா என்று கேட்டார். இன்னொருவர் தமக்கு நிறைய லீவு பாக்கி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றார். ஹெட்கிளார்க் தலையைச் சொறிந்தார். சர்க்கார் உத்தரவை மறுக்கவும் முடியாது, கூட இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. பாவம், மனிதர் திண்டாடினார்.

நான் அப்போது கதர் கட்டுகிறவன். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டியவன். என் ஜாதி எது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நீள மேஜையில் இடம் கிடைத்த ஜாதி. சமத்துவம் பற்றிப் பேசச் சொன்னால் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். ஆகையால் இந்தச் சிக்கலுக்கு வழி சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கே ஒரு நினைப்பு.

"பின்கட்டுல ஒரு சின்ன மேசை கிடக்குல்லா அண்ணாச்சி" என்றேன். "அத எடுத்துத் தெற்குச் சன்னல் ஓரமாப் போட்டுருவோம். காத்தோட்டமா இருக்கும். அவருக்கும் சங்கடம் இல்ல, நமக்கும் சங்கடம் இல்ல."

ஹெட்கிளார்க்கின் முகம் மலர்ந்துவிட்டது. "நீருதாம்வே ஆளு" என்றார். லீவு போடுவதாகச் சொன்னவர்கூட அதில் குற்றம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். யாரையும் புண்படுத்தாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அளந்தேன். அதோடு நிற்கவில்லை. அந்த மேஜைக்குப் பக்கத்தில் வைக்கப் புதிதாக ஒரு தண்ணீர்ப் பானையும் வாங்க ஏற்பாடு செய்தேன். அதையும் அவருடைய சௌகரியம் என்றுதான் சொன்னேன்.

சுடலைமுத்து வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். சிவகிரிப் பாதையில் ஒரு சின்ன ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆபீஸ் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து மேஜையைத் தூக்க வேண்டியிருந்தது. பியூன் வெளியே போயிருந்தான். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவர் மறு பக்கம் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னல் ஓரம் வைத்தோம். ஒரு கால் குட்டை. அவர் காகிதத்தை மடித்து அதற்கு அண்டைகொடுத்தார். பிறகு பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குன்னு ஒரு மேசை இதுவரைக்கும் இருந்ததில்ல சார்" என்றார்.

எங்களுக்குள் நாங்கள் எல்லாரும் அண்ணாச்சிதான். வயது சின்னவன் பெரியவனைக் கூப்பிடுவது, பெரியவன் சின்னவனைக் கிண்டலாகக் கூப்பிடுவது, எல்லாம் அண்ணாச்சி. அவர் மட்டும் எங்களை சார் என்றார். அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

4

அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இங்கிலீஷில் எங்கள் மூன்று பேரையும் விட நன்றாக எழுதுவார். கொடுத்த வேலையை அன்றே முடித்துவிட்டு, அடுத்தது வருமா என்று நீள மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீள மேஜையிலிருந்து சன்னல் பதினைந்து அடி தூரம் இருக்கும். தெருவில் போகும் மாட்டுவண்டிச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கும். ஹெட்கிளார்க் முணுமுணுப்பது கேட்காது.

முதல் வாரத்தில் ஒரு தடவை, தபால் வாசித்து முடித்த பிறகு, தாமே எழுந்து வந்து எங்களுக்கு நடுவில் குனிந்து கடிதக் கட்டில் கை வைத்தார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா வெற்றிலைச் செல்லத்தைத் தம் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சுடலைமுத்து கையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் நீள மேஜைக்கு வரவே இல்லை.

அவருக்கு வந்த கடிதங்கள் கட்டின் அடியில் தங்கின. பதில் போகவில்லை. மேலிடத்திலிருந்து ஞாபகக் கடிதம் வந்தது. அதுவும் முணுமுணுவென்று வாசிக்கப்பட்டு, அதே கட்டில் சேர்ந்தது. அப்புறம் அவருக்கு மெமோ போட்டார்கள். கடிதம் என் பார்வைக்கு வரவில்லை என்று அவர் பதில் எழுதினார். அது ஹெட்கிளார்க்குக்குப் பொறுக்கவில்லை. "தினமும் ஊருக்கே கேக்கும்படியா வாசிக்கேன், பார்வைக்கு வரலன்னு எழுதுதான் பாரும்" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். வேண்டுமென்று செய்த கெடுதல் இல்லை அது. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

எனக்கு மூன்றாவது மாதமே விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஒரு துண்டுக் காகிதத்தில், இன்ன கடிதம், இன்ன தேதிக்குள் என்று குறித்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நாலைந்து தடவை வைத்திருப்பேன். ஒரு நாள் ஹெட்கிளார்க் பார்த்துவிட்டார். "ஏன்வே, அவருக்குப் பியூன் வேலையும் நீருதான் பாக்கேரா?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் துண்டுக் காகிதம் வைக்கவில்லை. என் வேலை போய்விடும் என்றோ, யாராவது அடிப்பார்கள் என்றோ பயந்திருந்தால் இன்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். நான் அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

ஒன்பதாவது மாதம் திருநெல்வேலியிலிருந்து அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். நல்ல மனிதர். சுடலைமுத்துவின் மெமோக்களைத் தனியே எடுத்து வைத்து, அவரை எதிரில் நிற்கவைத்துப் பொறுமையாகக் கேட்டார். கடிதங்கள் என்னிடம் வரவில்லை ஐயா என்றார் அவர். ஹெட்கிளார்க், எல்லார் முன்னிலையிலும் தினமும் வாசிப்பதாகச் சொன்னார். அதிகாரி மேஜையைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் கதர்ச் சட்டையைப் பார்த்துத்தான் என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

"நீங்க சொல்லுங்க. வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க சார்."

அவர் உடனே எழுதிக்கொள்ளவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்பதுபோல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் எதிரில் இருந்த பைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சுடலைமுத்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கை காட்டியும் நிற்காமல் போகிற பஸ்ஸை ஒருவன் பார்ப்பானே, அப்படி. அதிகாரி எழுதிக்கொண்டார்.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. வேலையில் கவனம் போதாது, ஆகையால் நியமனம் ரத்து. அதையும் தபாலோடு தபாலாக ஹெட்கிளார்க்தான் வாசித்தார். அன்று மட்டும் வெளியே போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, நின்றுகொண்டு உரக்க வாசித்தார். சன்னல் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. சுடலைமுத்து பேனாவை மூடி, மைக்கூட்டை மூடி, மேஜையைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து அவரை ஸ்டேஷனில் பார்த்தேன். உறவினர் ஒருவரை ரயிலேற்றப் போயிருந்தேன். அவர் ஒரு தகரப் பெட்டியோடு விருதுநகர் வண்டிக்குக் காத்திருந்தார். நான் பார்க்காததுபோல் நகர்ந்துவிடலாம் என்று திரும்புவதற்குள் அவரே பக்கத்தில் வந்துவிட்டார்.

"சௌக்கியமா அண்ணாச்சி?" என்றார். என் முகம் மாறியதைப் பார்த்து, "இனிமே சார்னு கூப்பிட வேண்டாம்லா. அதான்" என்று சிரித்தார்.

வண்டி வரும் சத்தம் கேட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான் எனக்குன்னு ஒரு மேசை போட்டுக் குடுத்தீங்க. மறக்கமாட்டேன் அண்ணாச்சி."

குத்திக்காட்டுவது எனக்குத் தெரியும். ஆபீஸில் முப்பது வருஷமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது குத்திக்காட்டல் இல்லை. மனதாரச் சொன்னார். போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேன். எங்கே போகிறார், அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை.

5

அந்த மேஜை அங்கேயே கிடந்தது. பழைய பைல்களை அதன்மேல் அடுக்கினார்கள். பானையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் தபால் வாசிக்கும் நேரத்தில், புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்ச் சன்னல் ஓரம் நின்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்கிளார்க்கின் தாடை அசைவது தெரிந்தது. மற்றவர்கள் தலையாட்டுவது தெரிந்தது. குனிந்து பார்த்தபோது குட்டைக் காலுக்கு அடியில் அந்தக் காகித மடிப்பு அப்படியே இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பினாங்கில் இருந்த மைத்துனன் கூப்பிட்டான், நல்ல வேலை கிடைத்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிக் கொடுத்த பாரத்தில், முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. சொந்தக் காரணம் என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை. பொய் சொல்லாமலே காலம் தள்ளுவது எனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில். வெள்ளைக்காரத் துரைகள் மாடியில், நாங்கள் கீழே. அவர்களுக்கு முன் படிக்கட்டு, எங்களுக்குப் பின் படிக்கட்டு. எந்த விஷயமானாலும் அவர்களுடைய கிளப்பில் சாயங்காலம் பேசி முடித்துவிடுவார்கள். எங்களுக்கு மறுநாள் சுற்றறிக்கை வரும். என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிப் பொருமுவார். நம்மை மனிதனாகவே மதிக்கவில்லை என்பார். என்னையும் கூடச் சேர்ந்து திட்டச் சொல்வார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அதற்கு மேல் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

சேர்ந்த புதிதில் எனக்கும் சன்னல் பக்கம்தான் இடம் ஒதுக்கினார்கள். கடல் காற்று உடம்புக்கு ஆகாது என்று சொல்லி அறையின் நடுவுக்கு மாற்றிக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது வாய்க்குள் பேசினால் என் காது தானாகத் தீட்டிக்கொள்கிறது. அறையின் மூலையில் யாராவது உட்கார்ந்து நாங்கள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே குடை மாட்டும் ஸ்டாண்டுதான் இருக்கும்.

போன வருஷம் மலாயாவுக்கும் சுதந்திரம் வந்தது. ஊரில் கொடியேற்றியபோது தட்டியது மாதிரியே இங்கேயும் கை தட்டினேன். பிறகு குடியுரிமைக்கு மனுப் போட்டேன். நாலு தடவை அலைந்தேன். பெயரில் ஒரு எழுத்து கூட இருக்கிறது, பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லை, போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு குறை. கடைசியில், நன்னடத்தை உள்ளவன் என்று என்னைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இங்கே தெரிந்தவர்களிடம் வாங்கிவிட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

6

கோமதி வேலைக்குப் போன முதல் வாரம் நான் ஒன்றும் பேசவில்லை. அவள் சிநேகிதிகள் அவளைக் கோமி என்று கூப்பிடுகிறார்கள். கோமதியம்மன் பெயரை இவ்வளவு குட்டையாக்கிவிட்டார்களே என்று அவள் அம்மாவுக்கு வருத்தம். வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் இங்கிலீஷ். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து சீக்கிரம் வந்தவளிடம், ஆபீஸில் வேலை எப்படிக் கைக்கு வருகிறது என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

காலையில் பெரிய கிராணி மேஜையில் எல்லாரும் கூடிப் பேசுவார்கள், டைப் அடிக்க ஏதாவது இருந்தால் தன் மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள் என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "நேத்து ஒரு ஆர்டரைப் பழைய அட்ரசுக்கே டைப் பண்ணிட்டேன்பா. அட்ரஸ் மாறினது காலையிலயே பேசினாங்களாம். எனக்குத் தெரியாது. பரவால்ல, இனிமே கவனமா இருன்னு சொன்னாங்க" என்றாள்.

கவனம் என்ற அதே சொல்லைச் சுடலைமுத்துவின் ரத்து உத்தரவில் கேட்டவன் நான். அவளை உட்காரச் சொன்னேன். பத்து வருஷமாக யாரிடமும், அவள் அம்மாவிடம்கூட, சொல்லாத கதை முழுவதையும் சொன்னேன். நல்ல எண்ணத்தோடு நான் போட்ட மேஜையையும், அதிகாரி கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், ஸ்டேஷனையும் எதையும் பூசி மெழுகவில்லை.

நான் முடித்ததும் அவள், "சன்னல் பக்கத்துல ஒரு மாமா இருப்பாங்களே, அவங்களா?" என்று கேட்டாள். எட்டு வயதில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சில நாள் அவள் ஆபீஸுக்கு வருவாள். "எனக்கு நீலப் பென்சில் சீவிக் குடுத்தாங்க. நான் அங்க நின்னு வாங்கிட்டிருந்தேன். 'ஏட்டி, இங்கன வா'ன்னு நீங்கதான் சத்தம் போட்டீங்க. ஏன்னு அப்பத் தெரியல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் சொன்ன பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. என்னுடைய குற்றங்கள் எல்லாம் எனக்குத் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாதும்மா."

"தேடுனீங்களா?"

"இல்ல."

அடுக்களையிலிருந்து என் மனைவி, நடந்து முடிந்த கதையை எல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று குரல் கொடுத்தாள். கோமதி எழுந்து போய்விட்டாள். அன்றும் மறுநாளும் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசினாள். சாப்பிட வாருங்கள் என்பதைக்கூட.

7

திங்கட்கிழமை சாயங்காலம் வந்தவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சிவந்து கன்றிப்போயிருந்தது.

காலையில் எல்லாரும் பெரிய கிராணி மேஜையில் கூடிய நேரத்தில் இவள் தன் மேஜையை டைப்ரைட்டரோடு இழுத்திருக்கிறாள். இரும்புக் கால் தரையில் கிறீச்சிட்டதும் பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். அரை அடிக்கு மேல் நகரவில்லை. யாராவது ஒரு பக்கம் பிடியுங்கள் என்று கேட்டாள். யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்தச் சீனப் பெரியவர் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து மறு பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகக் கொண்டுபோய்ப் பெரிய மேஜையோடு ஒட்டிப் போட்டார்கள். மானேஜர் வந்து பார்த்துவிட்டு, உனக்குக் கடல் பிடிக்கவில்லையா என்று கேட்டாராம். கடலை வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம் இவள்.

இனிமேலும் அந்த மேஜை அதே இடத்தில் இருக்குமோ, திரும்பவும் சன்னலுக்குப் போய்விடுமோ, எனக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர் என்ன செய்வார் என்றும் தெரியாது. மகளுக்காகப் பயமாகத்தான் இருக்கிறது.

"ஒருத்தர் புடிச்சா போதும்பா" என்றாள் கோமதி, தமிழில். பிறகு என் மேஜையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "அவங்களுக்கு எழுதுங்க."

அவருடைய விலாசம் எனக்குத் தெரியாது. அவர் ஊர்ப் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆகையால் ஊரில் இதைப் படிப்பவர்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சிவகிரிப் பாதையில், பஸ்ஸிலோ சந்தையிலோ, சுடலைமுத்து என்று ஒருவரை நீங்கள் சந்திக்கலாம். முப்பத்திரண்டு வயதிருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் என்னைப் பற்றி நல்லபடியாகவே ஏதாவது சொல்வார். அதை நம்பாதீர்கள். அன்றைக்கு அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாரே, அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

வாசித்தார்கள் ஐயா. இவர் இருந்த இடத்துக்குக் கேட்காது. கேட்காது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இவரை உட்காரவைத்தவன் நான்.